தூந்திராப் பாத்திகளில் வெப்பநிலை அளக்க வருபவருக்கு

அலாஸ்காவின் டூலிக் ஏரிக்கரையில், ஜூன் மாதத்து வெயில் நாளொன்றில் நின்றுகொண்டு "இங்கே வெப்பநிலை எவ்வளவு?" என்று கேட்டால் நான்கு விதமாகப் பதில் சொல்லலாம். நெஞ்சு உயரத்தில் காற்று 12 டிகிரி இருக்கும். காய்ந்த பாசியின் மேற்பரப்பு 25-ஐத் தாண்டியிருக்கும். அந்தப் பாசியை விலக்கி 10 செ.மீ. கீழே போனால் 3 டிகிரிதான். இன்னும் அரைச் சாண் இறங்கினால் கத்தி பனிக்கட்டியில் 'டக்' என்று முட்டும், அங்கே பூஜ்யம். நான்கும் உண்மையான அளவுகளே. ஒரு கைக்குட்டை அகலத்துக்குள், ஐந்தடி உயரத்துக்குள் இத்தனை வேறுபாடு இருக்கும் நிலத்தில் சென்சார் இரண்டு விரற்கடை தள்ளிப்போனால் நீங்கள் அளப்பது வேறொரு இடத்தின் வெப்பநிலை. புதிதாக வருகிறவர்கள் கருவியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கருவி பெரும்பாலும் சரியாகவே அளக்கிறது. எதை அளந்தது என்பதைத்தான் நாம் தொலைத்துவிடுகிறோம்.

டூலிக்கை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நான் கோடைகளைக் கழித்த இடம் அது. ஃபேர்பேங்க்ஸிலிருந்து டால்டன் நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு முழு நாள் பயணம்; 68 டிகிரி வட அட்சரேகை; அலாஸ்கா பல்கலைக்கழகம் 1975 முதல் நடத்தும் ஆய்வு நிலையம். ஏரிக்கு அருகே 1989-இல் தொடங்கிய பரிசோதனைப் பாத்திகள் இன்றும் பேர்பெற்றவை. சிலவற்றில் ஆண்டுதோறும் சதுர மீட்டருக்கு 10 கிராம் நைட்ரஜனும் 5 கிராம் பாஸ்பரசும் உரமாகப் போடுகிறார்கள். சிலவற்றின் மேல் கோடையில் மட்டும் மரச்சட்டத்தில் பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கூடாரம் கட்டுகிறார்கள். சிலவற்றில் இரண்டும் உண்டு. எதுவும் செய்யாத ஒப்பீட்டுப் பாத்திகளும் உண்டு. வேறு நிலையங்களில், குறிப்பாக 1990-இல் தொடங்கிய பன்னாட்டுத் தூந்திரா ஆய்வுத் திட்டத்தின் களங்களில், கூடாரத்துக்குப் பதிலாக மேற்புறம் திறந்த அறுகோண ஃபைபர்கிளாஸ் சுவர்களைக் காணலாம். காற்றைத் தடுத்து, வெயிலைப் பிடித்துவைத்து, கோடையில் உள்ளே 1 முதல் 3 டிகிரி வரை கூட்டுவது அவற்றின் வேலை. எந்த ஏற்பாடாக இருந்தாலும் கீழே சொல்லும் முறை பொருந்தும்.

முதலில் கேள்வி, பிறகு கம்பி

செடி எப்போது தளிர்க்கிறது என்று பார்ப்பவருக்குச் செடிவிதானத்தின், அதாவது இலைக்கூட்டத்தின், வெப்பநிலை வேண்டும். மண் நுண்ணுயிரிகளைப் பின்தொடர்பவருக்கு 5 முதல் 10 செ.மீ. ஆழம் வேண்டும். நிரந்தர உறைநிலத்தின் மேல்மட்டம் எங்கே போகிறது என்று அறிய 40 செ.மீ. வரை போக வேண்டும். பழைய பாத்தியில் வேலைக்குச் சேர்ந்தால் இந்தச் சுதந்திரம் உங்களுக்குக் கிடையாது. முன்பு இருந்தவர் 10, 20, 40 என்று வைத்திருந்தால் நீங்களும் அப்படியே வையுங்கள். அது சிறந்த தேர்வா என்ற வாதத்தை இரவு உணவு மேசையில் வைத்துக்கொள்ளலாம். முப்பது ஆண்டுத் தொடரை முறிக்கிற உரிமை முதல் கோடைக்காரருக்கு இல்லை.

'விதான வெப்பநிலை' என்ற சொல்லையும் உடனே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். செடிகளுக்கு நடுவே உள்ள காற்றின் வெப்பநிலை ஒன்று. இலையின் தோல் வெப்பநிலை வேறொன்று. முதலாவதற்கு நிழல்மூடியிட்ட சென்சார் போதும். இரண்டாவதற்கு அகச்சிவப்புக் கதிர்மானி வேண்டும். தரவுக் கோப்பில் இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவைத்தவர்களை நான் அறிவேன். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பட்ட பாட்டையும் அறிவேன்.

கருவிகள்

பழைய களங்களில் பெரும்பாலும் தெர்மோகப்பிள் இருக்கும். நம் இயற்பியல் பாடநூலில் வெப்ப மின்னிரட்டை என்று படித்தோமே, அதேதான். தாமிரமும் கான்ஸ்டன்டன் என்ற தாமிர-நிக்கல் கலவையும் சேர்ந்த டி வகை. ஒரு டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட் தருகிறது. மலிவு, எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் வெட்டி, முனையை முறுக்கிப் பற்றவைத்து நாமே செய்துகொள்ளலாம். அமெரிக்க நிறக் குறியீட்டில் நீலம் தாமிரம், சிவப்பு கான்ஸ்டன்டன். இதில் சிவப்புதான் எதிர்முனை. வீட்டு மின்வேலை பழகிய கை இதை மாற்றிப் பூட்டும். பூட்டினால் சூடாகும்போது எண் இறங்கும். உடனே கண்டுபிடித்துவிடலாம் என்பது ஓர் ஆறுதல்.

தெர்மோகப்பிள் தருவது வெப்பநிலை அல்ல, வேறுபாடு. மண்ணில் இருக்கும் கம்பி முனைக்கும், அளவுகளை எழுதிவைக்கும் பதிவுக்கருவியின் இணைப்புப் பலகைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அது சொல்லும். ஆகவே பலகையின் வெப்பநிலையை அளக்க அங்கே ஒரு தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் சிறு சென்சார்) இருக்கும். பெட்டியின் ஒரு பக்கம் வெயில் அடித்துப் பலகையின் ஒரு முனை மறுமுனையைவிடச் சூடானால், அந்த வேறுபாடு அப்படியே உங்கள் மண் வெப்பநிலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெட்டிக்கு வெள்ளை நிறம், உள்ளே பலகையின்மேல் மூடி, இடைவெளியில் நுரைப்பஞ்சு ஆகிய மூன்றையும் விடாதீர்கள்.

புதிய களத்தில் சிறு தனிப்பதிவுக் கருவிகளே போதும். பொத்தான் வடிவில் உள்ளவை உண்டு. மண்ணில் செருகும் செடிக்குச்சி போன்ற டாம்ஸ்ட் டிஎம்எஸ்-4 கருவி, மண்ணில் 6 செ.மீ. ஆழத்திலும் தரைக்கு மேல் 2, 15 செ.மீ. உயரங்களிலும் ஒரே சமயத்தில் அளக்கும். கம்பியே இல்லாததால் மிருகத் தொல்லை குறைவு. நினைவகம் நிரம்பினால் என்ன செய்யும் என்பதை வாங்கும் முன் பாருங்கள். சில கருவிகள் நின்றுவிடும். சில பழையதை அழித்துக்கொண்டு போகும்.

பனிக்கட்டிக் குளியல்

களத்துக்குப் போகுமுன் எல்லாச் சென்சாரையும் ஒரு முறையாவது பூஜ்ய டிகிரியில் சோதிக்க வேண்டும். அகலவாய் பிளாஸ்கில் வாலைவடி நீரால் செய்த பனிக்கட்டியை நொறுக்கி நிரப்புங்கள். அதில் வாலைவடி நீரே ஊற்றுங்கள். எவ்வளவு? பழைய சோற்றில் நீர் நிற்குமே, அந்த அளவு. சர்பத்தில் மிதப்பதுபோல் பனிக்கட்டி மேலே மிதந்தால் நீர் அதிகம். அப்போது அடியில் உள்ள நீர் 4 டிகிரி வரை போகக்கூடும், ஏனெனில் நீர் அந்த வெப்பநிலையில்தான் மிக அடர்த்தியாகி அடியில் தங்கும். நீரே இல்லாமல் வெறும் பனிக்கட்டி என்றால் குளிர்பெட்டியின் மைனஸ் வெப்பநிலை அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கலக்கி, 20 நிமிடம் விட்டு, மறுபடி கலக்கி, பிறகு எழுதுங்கள்.

டி வகைக் கம்பியில் சாதாரணத் தரத்துக்கு உற்பத்தியாளர் ஒப்புக்கொள்ளும் பிழை 1 டிகிரி. சிறப்புத் தரத்துக்கு அரை டிகிரி. கூடாரம் தரும் சூட்டேற்றமே 2 அல்லது 3 டிகிரி என்னும்போது ஒரு டிகிரி என்பது சின்ன விஷயமல்ல. ஒவ்வொரு சென்சாருக்கும் அதன் பூஜ்யப் பிழையை ஒரு நாடாவில் எழுதிக் கம்பியிலேயே ஒட்டிவிடுங்கள்.

இடம் தேடுதல்

டூலிக்கின் ஈரத் தூந்திராவைத் தூரத்திலிருந்து பார்த்தால் சமவெளி. நடந்து பார்த்தால் கணுக்கால் சுளுக்கும். பஞ்சுக்கோரை, தலையணை அளவு திட்டுத் திட்டாக வளர்ந்திருக்கும். திட்டுகளுக்கு இடையே பள்ளம். பள்ளத்தில் பாசி மெத்தை. மெத்தைக்குள் குட்டை பிர்ச்சும் கிரான்பெரியும். திட்டின் உச்சி வெயில் குடிக்கும். பள்ளம் குளிர்ந்து கிடக்கும். ஆகவே எல்லாப் பாத்தியிலும் ஒரே வகை இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் பள்ளத்தில், அல்லது இரண்டு பள்ளம் ஒரு திட்டு என்று விகிதம் வைத்து. ஒப்பீட்டுப் பாத்தியில் திட்டிலும் கூடாரத்தில் பள்ளத்திலும் வைத்துவிட்டால், கூடாரம் மண்ணைக் குளிரவைக்கிறது என்ற 'கண்டுபிடிப்பு' கிடைக்கும்.

உண்மையிலேயே கூடாரத்துக்குள் மண் எதிர்பார்த்த அளவு சூடாகாமல் இருப்பதும் உண்டு என்பதால்தான் இவ்வளவு எச்சரிக்கை. பாசி ஒரு நல்ல வெப்பக்காப்பு. மேலே பிர்ச் உயர்ந்து வளர்ந்தால் நிழலும் சேர்ந்துகொள்ளும். காற்று 3 டிகிரி ஏறினாலும் மண் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. இந்த மெல்லிய வேறுபாட்டைத்தான் பிடிக்க வந்திருக்கிறோம். இடத்தேர்வில் செய்யும் பிழை அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது.

பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஒரு காலடி அமுக்கிய பாசி ஆண்டுக்கணக்கில் அமுங்கியே கிடக்கும். அமுங்கிய பாசியில் காப்பு குறையும். கீழே மண் வேறு வெப்பநிலைக்குப் போகும். பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு கையை நீட்டி வேலை செய்வதுதான் வழக்கம். அழகாக இருக்காது.

மண்ணில் இறக்குதல்

ஆகஸ்டில் செய்யுங்கள். அப்போதுதான் உறைநிலத்துக்கு மேலே கோடையில் இளகும் மண் அடுக்கு மிக ஆழமாக, இடத்தைப் பொறுத்து 30 முதல் 50 செ.மீ. வரை, திறந்திருக்கும். ஜூனில் போனால் 20 செ.மீ.க்குக் கீழே கடப்பாரைதான் பேசும்.

சமையலறையில் ரொட்டி வெட்டும் பல்வைத்த கத்தி இதற்கு மிகப் பொருத்தமான ஆயுதம். பாசி மெத்தையில் மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல் போல விட்டுக் கதவு திறப்பதுபோலத் திறங்கள். திறந்த சுவரில் அடுக்குகள் தெரியும்: மேலே பச்சைப் பாசி, அதன்கீழ் பழுப்பேறிய பாசி, பிறகு வேர்நார் பின்னிய கருப்புக் கரிமமண், அடியில் சாம்பல் நிறக் களிமண். அளவுகோலை நிறுத்தி, வேண்டிய ஆழத்தில் சென்சாரைக் கலையாத சுவருக்குள் கிடைமட்டமாக ஒரு விரல் நீளம் செருகுங்கள். கம்பியையும் அதே ஆழத்திலேயே 20 செ.மீ.யாவது ஓடவிட்டுப் பிறகு மேலேற்றுங்கள். நேராக மேலேற்றினால் உலோகம் மேற்பரப்பின் சூட்டைச் சென்சாருக்குக் கடத்தும். மழைநீரும் கம்பியோடு வழிந்து இறங்கும். கதவை மூடி, கையால் மெல்ல அழுத்தி விடுங்கள். மிதிக்காதீர்கள்.

40 செ.மீ.க்கு இந்த முறை ஒத்துவராது. மெல்லிய ஃபைபர்கிளாஸ் குச்சியில் சென்சார்களைக் கட்டி, அதைவிடச் சற்றே குறுகிய துளையில் இறக்குவார்கள். குச்சியில் பாசி மட்டத்தில் ஒரு சிவப்பு நாடா சுற்றிவையுங்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மண்ணீர் உறைந்து விரிந்து, புதைத்ததை மேலே தள்ளும். அடுத்த ஜூனில் நாடா பாசிக்கு மேல் எத்தனை செ.மீ. நிற்கிறது என்று பார்த்தால் எவ்வளவு கிளம்பியது என்று தெரிந்துவிடும்.

இனி, பூஜ்ய ஆழம் எது? பச்சைப் பாசியின் உச்சியா, பழுப்பு தொடங்கும் இடமா, கரிமமண்ணின் மேல்முகமா? மூன்றுக்கும் இடையே 8 செ.மீ. வித்தியாசம் வரலாம். நான் பச்சைப் பாசியின் உச்சியை எடுத்துக்கொள்கிறேன். இன்னொருவர் வேறாக எடுக்கலாம். எதுவானாலும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், கரிமமண் எத்தனை செ.மீ.யில் தொடங்கியது என்பதோடு சேர்த்து. பாசி வளரும், வளர வளரப் பூஜ்யமும் மேலே போகும்.

விதானத்தில் நிறுத்துதல்

இங்கே சூரியன்தான் எதிரி. வெயில் நேரே படும் கம்பி காற்றின் வெப்பநிலையைச் சொல்லாது; தன்னுடைய சூட்டைச் சொல்லும். கம்பி மெல்லியதாக இருந்தால் இந்தப் பிழை குறையும். நிழல்மூடி போட்டால் இன்னும் குறையும். நம் ஊர்ப் பழக்கத்தில் மூடியைத் தெற்கும் மேற்கும் பார்த்து வைக்கத் தோன்றும். டூலிக்கில் ஜூன் முழுவதும் சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவில் வடக்கே தாழ்வாக நின்று சென்சாரின் முதுகில் அடிக்கும். மூடி நான்கு புறமும் வேண்டும், காற்றும் உள்ளே புகுந்து வெளியேற வேண்டும்.

ஒப்பீட்டுப் பாத்திக்கும் கூடாரத்துக்கும் ஒரே வகை மூடி, ஒரே உயரம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. உரமிட்ட பாத்தியில் பிர்ச் முழங்கால் வரை வளர்ந்திருக்கும். பக்கத்துப் பாத்தியில் செடி ஒரு சாண்தான். 15 செ.மீ.யில் வைத்தால் ஓரிடத்தில் இலைக்கூட்டத்தின் அடி, இன்னோரிடத்தில் அதன் உச்சி. இரண்டு சென்சார் வைக்க முடிந்தால், ஒன்று நிலையான உயரத்தில், ஒன்று விதானத்தின் நடுவில். ஒன்றுதான் முடியும் என்றால் நிலையான உயரத்தைப் பிடித்துக்கொண்டு, ஆண்டுதோறும் செடியின் உயரத்தைத் தனியாக அளந்து எழுதிவிடுங்கள்.

அகச்சிவப்புக் கதிர்மானி பார்ப்பது ஒரு வட்டம். உயர்த்தினால் வட்டம் பெரிதாகும். பாத்திக்கு வெளியே வழியும். கூடாரத்தின் பிளாஸ்டிக்கையும் சேர்த்துப் பார்க்கும். பிளாஸ்டிக்கின் வெப்பநிலையை இலையின் வெப்பநிலை என்று நம்பி ஒரு வாரம் மகிழ்ந்திருக்கிறேன்.

கம்பி, மிருகம், மின்கலம்

தரை அணில் கம்பியைக் கடிக்கும். நரியும் கடிக்கும். குளிர்காலத்தில் பனிக்கு அடியில் ஓடித்திரியும் வோல் எலி சத்தமில்லாமல் கடிக்கும். கரிபூ மானின் கொம்பிலோ காலிலோ தொங்கும் கம்பி சிக்கினால் பதிவுப்பெட்டியே இடம் மாறும். எல்லாக் கம்பியையும் நெளிவுக் குழாய்க்குள் விட்டுத் தரையோடு படியவிடுங்கள். பெட்டிக்குள் நுழையும் ஓட்டையைக் களிம்பால் அடையுங்கள்.

கொசுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கருவி சம்பந்தமாகத்தான். டீட் கலந்த கொசு மருந்து சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மருந்து பூசிய கையால் பெட்டியின் கண்ணாடி போன்ற மூடியையோ கைக்கடிகாரத்தையோ தொட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். வலைத்தொப்பியும் மெல்லிய கையுறையும் மேல்.

டிசம்பரில் அங்கே சூரியன் உதிப்பதில்லை. சூரியத் தகட்டை நம்பினால் குளிர்காலத் தரவு இருக்காது. மின்கலத்தின் திறனைக் கோடைக் கணக்கில் போடாதீர்கள். குளிரில் பெருமளவு குறையும். ஈய அமில மின்கலம் சார்ஜ் தீர்ந்த நிலையில் உறைந்து வெடிக்கவும் செய்யும். சிறு கருவிகளுக்கு லித்தியம் போடுங்கள்; அல்கலைன் மைனஸ் 30-இல் கைவிட்டுவிடும். பதிவுக்கருவியிலும் கவனம்: சாதாரண வகைகளில் பல மைனஸ் 25 வரைதான் உறுதி தருகின்றன; மைனஸ் 55 வரை தாங்கும் வகை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கடிகாரம்

அளவு நிமிடத்துக்கு ஒன்று, பதிவு மணிக்கு ஒரு சராசரி என்பது நடைமுறைக்குப் போதும். தலைவலி தருவது கடிகார நேரம்தான். என் முதல் கோடையில் மடிக்கணினியை இணைத்ததும், 'கடிகாரத்தை ஒத்திசைக்கவா?' என்று மென்பொருள் கேட்டது. சரி என்றேன். கணினி கோடை நேரத்தில் இருந்தது. பதிவுக்கருவி அதுவரை அலாஸ்கா நிலை நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 14-க்குப் பிறகு எல்லா வரியும் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. செப்டம்பரில் வரைபடம் போட்டபோதுதான் தெரிந்தது.

ஆண்டு முழுவதும் நிலை நேரம், உலகப் பொது நேரமான யுடிசி-க்கு 9 மணி பின்னால், என்று முடிவு செய்து பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டுங்கள். சரிபார்க்க ஒரு வழி: டூலிக்கின் தீர்க்கரேகைக்குச் சூரியன் உச்சிக்கு வருவது நிலை நேரப்படி கிட்டத்தட்ட பகல் 1 மணிக்கு. சூரியக் கதிர்வீச்சுமானி இருந்தால், மேகமில்லாத நாளில் அதன் உச்சம் அங்கே விழ வேண்டும். 2 மணிக்கு விழுந்தால் யாரோ 'சரி' என்று சொல்லியிருக்கிறார்கள்.

தரவைப் படித்தல்

முதலில் மைனஸ் 6999 என்ற எண்ணைத் தேடுங்கள். பல பழைய பதிவுக்கருவிகள் 'அளக்க முடியவில்லை' என்பதை இப்படித்தான் எழுதும். அதைச் சராசரியில் சேர்த்துவிட்டால் தூந்திரா நட்சத்திரவெளியைவிடக் குளிர்ந்துவிடும்.

அடுத்தது பகலிரவு அலை. ஆழம் கூடக் கூட அலை தணியும், தாமதமாகும். பாசி மேற்பரப்பில் பிற்பகலில் வரும் உச்சம் 10 செ.மீ.யில் மாலையில்தான் தென்படும், 40 செ.மீ.யில் அலையே இருக்காது. 40 செ.மீ. என்று பெயரிட்ட சென்சார் தினமும் ஏறி இறங்கினால் அது 40-இல் இல்லை.

நான் மிகவும் நம்பும் சோதனை இலையுதிர்காலத்தில் தானாக நடப்பது. செப்டம்பரில் காற்று மைனஸுக்குப் போன பிறகும் மண் வாரக்கணக்கில் பூஜ்யத்திலேயே நிற்கும். நீர் உறையும்போது உள்ளுறை வெப்பத்தை விடுவித்துக்கொண்டே இருப்பதால், எல்லா நீரும் உறையும்வரை வெப்பநிலை இறங்காது. பூஜ்யத் திரை என்று இதற்குப் பெயர். வரைபடத்தில் மேசை விளிம்பு போலத் தட்டையான கோடாகத் தெரியும். அந்தக் கோடு 0-இல் இருந்தால் சென்சார் நலம். 0.6-இல் தட்டையாக ஓடினால், உங்கள் சென்சார் 0.6 கூடுதலாகச் சொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நிலமே எல்லாச் சென்சாரையும் அதனதன் இடத்திலேயே பனிக்கட்டிக் குளியலில் போட்டு எடுக்கிறது, நாம் ஊர் திரும்பிய பிறகு.

குளிர்காலத் தரவைப் பார்க்கும்போது பனியின் ஆழமும் கையில் இருக்க வேண்டும். கனமாகப் பனி மூடிய பாத்தியில் மண், காற்றைவிடப் பல டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். கூடாரத்தின் மரச்சட்டம் பனியைச் சேர்த்துவைத்தால், கோடையில் மட்டும் நடத்தும் பரிசோதனை குளிர்காலத்திலும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

மூன்று குளிர்காலம் கடந்த ஒரு பாத்தியைப் போன ஆகஸ்டில் திறந்தோம். 10 செ.மீ. என்று கோப்பில் இருந்த சென்சார் 4 செ.மீ.யில் கிடந்தது. எந்த ஆண்டில் எவ்வளவு கிளம்பியது என்பதற்கு எங்களிடம் இருந்தது குறிப்பேட்டில் இரண்டு வரியும், மங்கலான ஒரு புகைப்படமும்தான். கோப்பில் '10 செ.மீ.' என்ற தலைப்பை மாற்றவில்லை; அதனருகே 'அளந்த ஆழம்' என்று புதிய நெடுவரிசை சேர்த்து, தெரிந்த இரண்டு தேதிகளுக்கு மட்டும் எண் எழுதி, நடுவில் உள்ளவற்றைக் காலியாக விட்டோம். பிறகு சென்சாரை மறுபடி 10-இல் செருகி, இந்த முறை நாடாவைச் சுற்றி, கதவை மூடினோம்.